நீண்டகாலக் கணிப்பும் அறப்பணிக்கான பந்தயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து, இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ன நடக்கும் என்று பெயரோடு எழுதிவைக்கிறார் ஒருவர். அதை மறுப்பவர் எதிர்ப்பந்தயம் கட்டுகிறார். கெடு முடிந்ததும் பணம் தொண்டு நிறுவனத்துக்குப் போகிறது. இந்த முறையைப் பற்றிப் புதிதாகக் கேள்விப்படுவோர் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இது பரவ வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆகவே அதன் சிக்கல்களையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பொறுப்பேற்கும் கணிப்பு என்றால் என்ன?

"விரைவில் பெரும் வீழ்ச்சி வரும்", "இன்னும் சில ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாகிவிடும்" என்ற பேச்சை நாள்தோறும் கேட்கிறோம். விரைவில் என்றால் எப்போது, வீழ்ச்சி என்றால் எவ்வளவு என்று கேட்டால் பதில் இராது. நடந்துவிட்டால் "அன்றே சொன்னேன்" என்பார்கள். நடக்காவிட்டால் "இன்னும் காலம் இருக்கிறதே" என்பார்கள். எப்படிப் போனாலும் சொன்னவருக்குச் சேதமில்லை; கேட்டவரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

பொறுப்பேற்கும் கணிப்பில் யார் சொல்கிறார், என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள், எந்தக் காரணத்தால் என்ற நான்கும் எழுத்தில் இருக்கும். கடைசியாகச் சொன்ன காரணத்தைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கணிப்பு பலித்ததா இல்லையா என்பது ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஒருவர் அன்று எப்படி யோசித்தார், எதைக் கணக்கில் எடுத்தார், எதைக் கோட்டை விட்டார் என்பதெல்லாம் அந்தக் காரணப் பத்தியில்தான் இருக்கிறது. நினைவு பின்னாளில் அதில் கைவைக்க முடியாது.

கணிப்புக்கும் பந்தயத்துக்கும் என்ன வேறுபாடு?

கணிப்புக்கு ஓர் ஆள் போதும். அதே வாசகத்தை மறுத்து இன்னொருவர் தம் பெயரையும் காரணத்தையும் பணத்தையும் வைக்கும்போது அது பந்தயமாகிறது.

இந்த முறையை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தவர்கள் அமெரிக்காவின் லாங் நௌ அறக்கட்டளையினர். பத்தாயிரம் ஆண்டுகள் ஓடக்கூடிய கடிகாரம் ஒன்றை உருவாக்கிவரும் அமைப்பு அது. அதைச் சேர்ந்த ஸ்டூவர்ட் பிராண்டும் கெவின் கெல்லியும் 2002-இல் "லாங் பெட்ஸ்" என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். கணிக்கும் விஷயம் சமூகத்துக்கோ அறிவியலுக்கோ முக்கியமானதாக இருக்க வேண்டும். கெடு குறைந்தது இரண்டு ஆண்டுகள். பணம் முழுவதும் வென்றவர் குறிப்பிட்ட தொண்டு நிறுவனத்துக்கு. விதிகளின் சாரம் இவ்வளவுதான். எந்த அமைப்பையும் சாராமல் இரண்டு பேர் தங்களுக்குள்ளேயே இதே விதிகளின்படி பந்தயம் கட்டிக்கொள்ளலாம்.

பணம் எதற்கு? கருத்தைச் சொன்னால் போதாதா?

போதாது என்றுதான் அனுபவம் காட்டுகிறது. உளவியலாளர் ஃபிலிப் டெட்லாக், அரசியல், பொருளாதார வல்லுநர்கள் 280-க்கும் மேற்பட்டோரிடம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கணிப்புகளைக் கேட்டு வாங்கி, நடந்ததோடு ஒப்பிட்டு, 2005-இல் முடிவுகளை வெளியிட்டார். நீண்டகாலக் கேள்விகளில் பலருடைய கணிப்பு, கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட அதிகம் தேறவில்லை. ஊடகங்களில் புகழ்பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சற்று மோசமாகவே கணித்திருந்தார்கள். தவறியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் அவர் பதிவு செய்தார்: "கிட்டத்தட்ட நடந்துவிட்டது", "காலக்கணக்கில்தான் பிசகு", "எதிர்பாராத ஒன்று குறுக்கே வந்துவிட்டது". பணம் வைத்துத் தேதி குறித்தவருக்கு இந்தச் சப்பைக்கட்டுகள் உதவாது.

இன்னொரு பயன் கெடு வரும் முன்பே கிடைத்துவிடுகிறது. "இதற்கு ஆயிரம் டாலர் வைப்பீர்களா?" என்று கேட்டதும் பலர் ஒரு கணம் தயங்குவார்கள். "நிச்சயம்" என்றவர் "பெரும்பாலும்" என்பார். அந்தத் தயக்கத்தில் சிந்தனை தொடங்குகிறது.

வென்றவரே பணத்தை எடுத்துக்கொண்டால் என்ன?

இதற்கு ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். 1870-இல் இங்கிலாந்தில் ஜான் ஹேம்டன் என்பவர், பூமி தட்டையல்ல என்று யாராவது நிரூபித்தால் 500 பவுண்டு தருவதாக அறைகூவல் விடுத்தார். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினைப் போலவே தனியாகக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அதை ஏற்றார். இடம், பழைய பெட்ஃபோர்டு கால்வாயில் வளைவே இல்லாமல் ஆறு மைல் ஓடும் ஒரு பகுதி. இரு முனைப் பாலங்களிலும் நடுவில் நட்ட கம்பத்திலும் நீர்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் குறிகளை வைத்துத் தொலைநோக்கியில் பார்த்தார்கள். பூமி தட்டையானால் மூன்றும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். நடுக்குறி உயர்ந்து தெரிந்தது. நடுவர் வாலஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஹேம்டன் ஏற்கவில்லை. வாலஸை மோசடிக்காரர் என்று பல ஆண்டுகள் ஊரெல்லாம் கடிதம் எழுதித் தூற்றினார். அவதூறு வழக்கில் சிறைக்கும் போனார், அப்போதும் ஓயவில்லை. பந்தயம் சட்டப்படி செல்லாது என்று சொல்லி, தம் பணத்தை நீதிமன்றத்தின் வழியாகத் திரும்பப் பெற்றும்விட்டார். உண்மை வாலஸ் பக்கம் இருந்தும் அவருக்கு மிஞ்சியது செலவும் மன உளைச்சலும்தான்.

பணம் எதிராளியின் பைக்குள் போகாது, நல்ல காரியத்துக்குத்தான் போகும் என்று முதலிலேயே முடிவாகிவிட்டால் இந்தக் கசப்புக்குப் பெரும்பாலும் இடமில்லாமல் போகிறது. தோற்றவரும் ஒரு நன்கொடையில் பங்கு கொண்டவராகிறார். வென்றவருக்குக் கிடைப்பது தாம் சொன்னது சரி என்ற பெயர் மட்டும்தான். வரிச்சலுகையும் சட்டத் தகுதியும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், பெரிய தொகையானால் வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிச் சொன்னாலும் இது சூதாட்டம்தானே?

இல்லை என்பது என் உறுதியான கருத்து. சூதின் தூண்டில் வென்ற பொருளில் இருக்கிறது. வென்றவர் கைக்கு ஒரு காசும் வராதபோது அங்கே இரை இல்லை. இழந்ததை மீட்க மறுபடி ஆடும் வெறிக்கும் வழியில்லை. பகடை எப்படி விழும் என்பதற்குக் காரணம் எழுத முடியாது. இங்கே காரணம் எழுதாமல் பந்தயமே கிடையாது.

வாசகத்தை எப்படி எழுதுவது?

எல்லாக் கேள்விகளிலும் இதுவே முக்கியமானது. பந்தயங்கள் பெரும்பாலும் உலகம் எதிர்பாராமல் மாறியதால் கெடுவதில்லை. எழுதிய வாசகம் இரண்டு விதமாகப் பொருள்படுவதால்தான் கெடுகின்றன.

சொற்கள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்க உளவுத்துறையில் நடந்த ஒரு நிகழ்ச்சி போதும். 1951-இல் ஓர் அறிக்கை, யூகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழ்வது "கவனத்துக்குரிய சாத்தியம்" என்றது. அதைத் தயாரித்த குழுவிலிருந்த ஷெர்மன் கென்ட், அந்தத் தொடருக்கு எத்தனை சதவீதம் என்று சக ஊழியர்களைக் கேட்டார். ஒருவர் 20 சதவீதம் என்றார். இன்னொருவர் 80 என்றார். ஒரே வாக்கியத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர்கள் அவர்கள்.

எனவே "வாய்ப்புண்டு", "கணிசமாக", "ஏறக்குறைய" போன்ற சொற்களை வாசகத்திலிருந்து துடைத்தெடுங்கள். "மின்வாகனங்கள் பெட்ரோல் வாகனங்களை ஓரங்கட்டிவிடும்" என்பதைப் பந்தயமாக்க முடியாது. எந்த நாட்டில், எந்த ஆண்டில், புதிதாகப் பதிவாகும் கார்களிலா அல்லது சாலையில் ஓடும் கார்களிலா, எத்தனை சதவீதம், எந்த அரசுத் துறையின் புள்ளிவிவரப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள். பெட்ரோலும் மின்கலமும் சேர்ந்து ஓடும் வண்டி எந்தக் கணக்கில் வரும்? அந்தப் புள்ளிவிவரத்தையே வெளியிடாமல் நிறுத்திவிட்டால் அடுத்து எதைப் பார்ப்பது? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காமல் விட்டால் பின்னால் சண்டை நிச்சயம்.

நன்றாக எழுதப்பட்ட வாசகத்துக்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, லாங் பெட்ஸின் முதல் பந்தயம். எழுத்து உரையாடலில் கணினி தன்னை மனிதர் என்று நம்பவைக்கிறதா என்று பார்ப்பது டூரிங் சோதனை. 2029-க்குள் எந்தக் கணினியும் அதில் தேறாது என்றார் மென்பொருள் தொழில்முனைவர் மிட்ச் கபோர். தேறும் என்றார் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல். ஆளுக்குப் பத்தாயிரம் டாலர். சோதனை என்று சொல்லிவிட்டு விட்டுவிடவில்லை. மூன்று நடுவர்கள், எதிரே ஒரு கணினியும் மூன்று மனிதர்களும், ஒவ்வொரு நடுவரும் நால்வரோடும் தலா இரண்டு மணி நேரம் எழுத்தில் உரையாட வேண்டும். நடுவர்களில் குறைந்தது இருவர் கணினியை மனிதர் என்று நம்ப வேண்டும். யார் அதிகம் மனிதராகத் தோன்றினார் என்ற தரவரிசையிலும் கணினி மனிதர்களில் குறைந்தது இருவருக்கு இணையாகவாவது வர வேண்டும். 2002-இல் எழுதிய விதிகள் இவை. இன்று உரையாடும் மென்பொருள்கள் பெருகிவிட்ட நிலையில், "ஐந்து நிமிடம் பேசி ஏமாந்தேன்" என்று யாராவது சொன்னால் அது இந்தப் பந்தயத்தில் செல்லாது.

இவ்வளவு கவனித்தும் சிக்கல் வரலாம். 2020-க்குள் உயிரியல் தாக்குதலோ உயிரியல் தவறோ ஒரே நிகழ்வில் பத்து லட்சம் பேரைப் பாதிக்கும் என்றார் வானியலாளர் மார்ட்டின் ரீஸ். எதிர்த்து நின்றார் உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர். பிறகு கோவிட் வந்தது. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையில் ஐயமே இல்லை. ஆனால் நோய் விலங்கிலிருந்து இயல்பாகத் தாவியதா, ஆய்வகத்திலிருந்து தப்பியதா என்ற விவாதத்தில் பந்தயம் மாட்டிக்கொண்டது. எண்ணிக்கைக்கு வரையறை எழுதுவது எளிது. காரணத்துக்கு எழுதுவது கடினம். இயன்றவரை, என்ன நடந்தது என்பதன்மேல் பந்தயம் கட்டுங்கள். ஏன் நடந்தது என்பதன்மேல் வேண்டாம்.

கெடு எவ்வளவு நீளமாக இருக்கலாம்?

போக்கு தெரியும் அளவுக்கு நீளமாக. 1980-இல் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் உயிரியலாளர் பால் எர்லிக்கும் கட்டிய பந்தயம் அறப்பணிக்கானது அல்ல என்றாலும் இத்துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. மக்கள்தொகை பெருகுவதால் மூலப்பொருள்கள் அரிதாகி விலை ஏறும் என்றார் எர்லிக். செம்பு, குரோமியம், நிக்கல், தகரம், டங்ஸ்டன் என்ற ஐந்து உலோகங்களை அவர் தரப்பே தேர்ந்தெடுத்தது. ஒவ்வொன்றிலும் 200 டாலர். பணவீக்கத்தைக் கழித்து விலை ஏறினால் வித்தியாசத்தைச் சைமன் தர வேண்டும், இறங்கினால் எர்லிக். 1990-இல் விலை இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பினார்.

இதைச் சைமனின் முழு வெற்றியாகச் சொல்வோர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதே ஐந்து உலோகங்களை வேறு பத்தாண்டுகளில் வைத்துப் பார்த்தால் பலமுறை எர்லிக் வென்றிருப்பார் என்று பின்னர் கணக்கிட்டவர்கள் காட்டினார்கள். தொடங்கிய ஆண்டும் முடிந்த ஆண்டும் முடிவைத் தீர்மானிக்கக்கூடும். விலை போல ஏறி இறங்கும் பொருளானால், ஒரே நாளின் எண்ணை விட்டுவிட்டுச் சில ஆண்டுகளின் சராசரியை அளவுகோலாக வையுங்கள்.

நடுவழியில் தோற்பதுபோலத் தெரிந்தால் விலகலாமா?

கூடாது. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2008 ஜனவரி 1 அன்று தொடங்கிய பத்தாண்டுப் பந்தயத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய நிறுவனங்களின் பங்குவிலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்பற்றும் சாதாரண நிதி ஒன்று, கட்டணங்களைக் கழித்த பின், வல்லுநர்கள் தேர்ந்தெடுக்கும் ஹெட்ஜ் நிதிகளின் (அதிகக் கட்டணம் வாங்கிப் பெரும் பணக்காரர்களுக்காக முதலீடு செய்யும் நிதிகளின்) தொகுப்புகளைவிட அதிகம் ஈட்டும் என்றார் அவர். ப்ரோட்டெஜே பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் ஐந்து தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்து எதிர்த்தது.

முதல் ஆண்டே நிதி நெருக்கடி. குறியீட்டு நிதி 37 சதவீதம் சரிந்தது. எதிர்த்தரப்பின் ஐந்து தொகுப்புகளும் அதைவிடக் குறைவாகவே இழந்தன. அன்று பார்த்தவர் யாரும் பஃபெட் தோற்றார் என்றே சொல்லியிருப்பார். 2017 முடிவில் குறியீட்டு நிதி 125.8 சதவீதம் வளர்ந்திருந்தது. ஐந்து தொகுப்புகளில் மிகச் சிறந்தது 87.7 சதவீதம், மிக மோசமானது 2.8 சதவீதம். ஓராண்டில் முடியும் பந்தயமாக இருந்திருந்தால் உலகம் நேர்மாறான பாடத்தைக் கற்றிருக்கும். கெடு வரை காத்திருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடே.

அத்தனை ஆண்டுகள் பணத்தை யார் வைத்திருப்பது?

இருவருக்கும் பொதுவான மூன்றாவது ஆள் அல்லது அமைப்பு. தொடக்கத்திலேயே முழுத்தொகையும் வந்துவிட வேண்டும். "தோற்றால் தருகிறேன்" என்ற வாக்கு பத்தாண்டுகள் தாங்காது. பணம் சும்மா கிடக்கவும் கூடாது; பணவீக்கம் தின்றுவிடும். பஃபெட் பந்தயத்தில் இரு தரப்பும் தலா சுமார் 3,20,000 டாலர் போட்டு, கெடு முடிவில் மொத்தம் பத்து லட்சமாக முதிரும் அரசுப் பத்திரங்களை வாங்கினார்கள். வட்டி விகிதம் இறங்கியதால் பத்திரங்களின் விலை முன்கூட்டியே ஏறிவிட்டது. 2012-இல் இருவரும் ஒப்புக்கொண்டு அவற்றை விற்று, பஃபெட்டின் நிறுவனமான பெர்க்‌ஷயர் ஹாத்தவேயின் பங்குகளை வாங்கினார்கள். முடிவில் ஒமாஹாவில் சிறுமிகளுக்காக இயங்கும் கேர்ள்ஸ் இங்க் அமைப்புக்கு 22 லட்சம் டாலர் கிடைத்தது. முதலீட்டை மாற்ற இருவர் சம்மதமும் வேண்டும் என்ற விதியை நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்டு நிறுவனம் அதற்குள் மூடப்பட்டுவிட்டால்?

மாற்றாக இன்னொன்றின் பெயரை முதலிலேயே எழுதிவிடுங்கள்.

நடுவராக யாரைப் போடுவது?

வாசகம் நன்றாக இருந்தால் நடுவருக்கு வேலையே இராது; இருவரும் ஒரே எண்ணைப் பார்த்துத் தாமே ஒப்புக்கொள்வார்கள். இருந்தாலும் ஒருவர் வேண்டும். துறை வல்லுநரைவிட, எழுதியதை எழுதியபடி படிக்கும் பொறுமை உள்ளவரே நல்லவர். அவருக்கு அந்த விஷயத்தில் வலுவான கருத்து இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது.

கெடு வரும்போது பந்தயம் கட்டியவர் உயிரோடு இல்லாவிட்டால்?

பந்தயம் நிற்கும். பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, காரணம் எழுத்தில் இருக்கிறது. 2000-இல் உயிரோடிருந்த ஒருவராவது 2150-லும் உயிரோடிருப்பார் என்று எதிர்கால ஆய்வாளர் பீட்டர் ஷ்வார்ட்ஸ் ஒரு பந்தயம் கட்டியிருக்கிறார். அவர் வைத்த வாதங்களைச் சரிபார்க்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை. அவர்களுக்குப் புரியும்படி எழுதுவது நம் கடமை: இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயர், அமைப்பு, சுருக்கம் எதுவானாலும் ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

கெட்டது நடக்கும் என்று பந்தயம் கட்டுவது தகுமா?

தகும். எச்சரிக்கிறவர் கெடுதலை விரும்புகிறவர் அல்லர். மார்ட்டின் ரீஸ் தம் பந்தயத்தில் தோற்கவே விரும்புவதாக வெளிப்படையாக எழுதினார். அதே மனநிலைக்கு இன்னொரு சான்று இணைய வடிவமைப்பாளர் ஜெரமி கீத். இணையப் பக்கங்கள் காணாமல் போவதைப் பற்றிக் கவலைப்பட்ட அவர், தம் கணிப்பு பதிவான அதே இணைய முகவரி பதினோரு ஆண்டுகளில் வேலை செய்யாது என்று 2011-இல் பந்தயம் கட்டினார். 2022 பிப்ரவரியில் அந்த முகவரி அப்படியே திறந்தது. அவர் தோற்றார், அவர் காக்க நினைத்த பொருள் பிழைத்தது.

ஆனால் பந்தயத்தில் இருப்பவர் கெடுதலை நிகழ்த்தக்கூடிய இடத்தில் இருக்கக் கூடாது. குறிப்பிட்ட ஒரு மனிதரின் மரணம், நோய் ஆகியவற்றின்மேல் பந்தயம் ஒருபோதும் வேண்டாம்.

தோற்றால் பெயர் கெட்டுவிடாதா?

தோற்றதை ஒப்புக்கொண்டால் பெயர் கூடும் என்பதே நான் கண்டது. கருந்துளைக்குள் விழுந்த தகவல் அழிந்துவிடும் என்று 1997-இல் சக இயற்பியலாளர் ஜான் பிரெஸ்கிலிடம் பந்தயம் கட்டிய ஸ்டீபன் ஹாக்கிங், 2004-இல் அறிஞர்கள் கூடிய மாநாட்டில் தோல்வியை அறிவித்து, பந்தயத்தில் ஒப்புக்கொண்டபடி ஒரு பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார். மூளையில் உணர்வு எவ்வாறு எழுகிறது என்பது 25 ஆண்டுகளில் தெளிவாகிவிடும் என்று 1998-இல் பந்தயம் கட்டிய நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக், 2023-இல் மேடையேறித் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸிடம் ஒயின் புட்டிகளை ஒப்படைத்தார். இருவர் மதிப்பும் அணுவளவும் குறையவில்லை. ஒரு துறையில் எது இன்னும் தெரியவில்லை என்பதை ஊரறியச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

எதிர்ப்பந்தயம் கட்ட யாரும் வரவில்லை. என்ன செய்வது?

யாருமே மறுக்கவில்லை என்றால் எல்லோரும் ஏற்கும் ஒன்றைச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பொருளாகலாம். எண்ணைக் கடுமையாக்குங்கள், தேதியை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் வராவிட்டால், நிகழ்தகவோடு தனிக்கணிப்பாகப் பதிவு செய்யுங்கள். அதை மதிப்பிட, வானிலையாளர் கிளென் பிரையர் 1950-இல் வகுத்த அளவை இருக்கிறது. நடக்கும் என்று 80 சதவீதம் கொடுத்தீர்கள், நடந்தது என்றால் 1-இலிருந்து 0.8-ஐக் கழித்து வர்க்கப்படுத்துங்கள்: 0.04. நடக்கவில்லை என்றால் 0.8-இன் வர்க்கம்: 0.64. எண் சிறியதானால் கணிப்பு நன்று. எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் என்று மழுப்புகிறவருக்கு எப்போதும் 0.25 கிடைக்கும், பல கணிப்புகளின் சராசரியில் அதற்குக் கீழே வந்தால்தான் உங்களுக்கு ஏதோ தெரிகிறது என்று பொருள். ஒவ்வொரு கணிப்புக்கும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, தவறியவற்றின் தொகையை ஆண்டு முடிவில் நீங்கள் குறித்த தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிடலாம். இதற்கு எதிராளி தேவையில்லை. தேதியிட்ட ஒரு நோட்டும், அதைப் படித்துப் பார்க்க இன்னொருவரும் போதும்.